நாலு மணிக்கு யாரும் கிரைண்டர் போடுவதில்லை

எமரன்சியா பாயைவிட்டு முதன்முதலாக எழும்பிய அன்று நங்கூரத் தெருவில் மூன்று வீடுகளில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார்கள், ஒரு வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது, வருமோ வராதோ என்று தெரியாத தண்ணீர் லாரிக்காகக் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, உப்பளத்துப் பக்கமிருந்து வந்த காற்று காயப்போட்ட துணிகளில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணி. ஆகையால் அதை முதலில் பார்த்தது பிள்ளையைப் பெற்ற ஜெசிந்தா மட்டும்தான். அவளும் பார்த்துவிட்டு அலறவில்லை. பிள்ளை பிறந்த எழுபத்தொரு நாளில் எதெதற்கோ அலறி அலறி அவளிடம் இருந்த அலறல் எல்லாம் அன்றைக்குத் தீர்ந்துபோயிருந்தது. அவள் செய்ததெல்லாம் ஓடிப்போய் ஃபேன் சுவிட்சை அணைத்ததுதான்.

எழுபத்தொரு நாளும் அவளுக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. எடை. பிறக்கும்போது பிள்ளை இரண்டு கிலோ நானூறு. எழுபதாம் நாள் நகர்நல மையத்தில் துணித்தொட்டிலில் தொங்கவிட்டு நிறுத்தபோது இரண்டு கிலோ எழுநூறு. நர்ஸம்மா அட்டையில் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோடாக இழுத்து, அந்தக் கோடு பச்சைப் பட்டையைவிட்டு இறங்கி மஞ்சளில் ஊர்ந்து சிவப்பைப் பார்த்துப் போவதைப் பேனா முனையால் காட்டினாள். "இன்னும் ஒரு மாசம் பாப்போம்மா. ஏறலைன்னா பெரியாஸ்பத்திரியில சேத்துக் குழாய் போட்டுத்தான் பால் குடுக்கணும்."

பால் இல்லாமல் இல்லை. பால் சுரக்கட்டும் என்று பக்கத்து வீட்டு பவுலின் மைனி தினமும் கொண்டுவந்து வைக்கும் பால்சுறாப் புட்டை ஜெசிந்தா இரண்டு வாய்க்கு மேல் தின்றதில்லை என்றாலும், ரவிக்கை நனைந்து சேலை நனைந்து உட்கார்ந்த இடம் நனைகிற அளவுக்குப் பால் இருந்தது. பிள்ளைதான் குடிக்கவில்லை. மடியில் போட்டால் இரண்டு இழுப்பு இழுக்கும், பிறகு முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அழும். மடி, தொட்டில், பாய், தோள், எந்த இடமும் அதற்குச் சரிப்படவில்லை.

ஜெசிந்தா கான்வென்ட் போர்டிங்கில் படித்தவள். படுக்கப் போகும்முன் நான்கைச் சரிபார்க்கவேண்டும் என்று அங்கே சிஸ்டர் பெனிஞ்ஞா சொல்லிக்கொடுத்திருந்தாள்: விளக்கு, தாழ்ப்பாள், செருப்பு, மனசாட்சி. பிள்ளை பிறந்த பிறகு நான்கு என்பது நாற்பதாகிவிட்டது, படுக்கப் போகும்முன் என்பது எந்நேரமும் என்றாகிவிட்டது. அவள் எழுந்து பார்ப்பாள், உட்காருவாள், மறுபடி எழுந்து பார்ப்பாள். குழந்தையின் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சை எண்ணுவாள், எண்ணிக்கை தவறிவிட்டதோ என்று முதலிலிருந்து எண்ணுவாள்.

இந்த வீட்டுக்குத்தான் அவள் புருஷன் அன்செல்ம் வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தான். அவன் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வயரிங் வேலை பார்க்கிறவன். பழுதுக்கு வந்த ஒரு பழைய கப்பலில் மாலுமிகளின் ஓய்வறையைப் பிரித்தபோது வேண்டாமென்று ஒதுக்கிய பெட்டி அது. அதன் தலையில் வால்வு என்கிற நான்கு கண்ணாடிக் குமிழ்கள், இரண்டு பெரிசு, இரண்டு சின்னது. துண்டில் சுற்றி, சைக்கிளில் வைத்து, ஓட்டாமல் உருட்டிக்கொண்டே வந்தான். வீட்டில் கிடந்த ரிக்கார்டு பிளேயரையும் மரப்பெட்டி ஸ்பீக்கரையும் அதோடு கோத்தான்.

"பிள்ளை இருக்க வீட்டுல இது எதுக்குங்க? தொட்டா பொசுங்கிருமாமே, உள்ள கரண்டு வேற நானூறு வோல்ட்டுங்கீங்க."

"அதுக்குத்தான் கம்பிக்கூடை வாங்கியாந்துருக்கேன்" என்று சொல்லி, கோழியைக் கவிழ்க்கிற மாதிரி அதன்மேல் கூடையைக் கவிழ்த்தான். "இத ஒரு தடவை கேட்டுட்டேன்னா மத்ததெல்லாம் தகரத்துல மழை பெஞ்ச மாதிரிதான் ஜெசி. ஆனா உடனே பாடாது. சூடாவணும். நாமதான் காத்துக் கெடக்கணும்."

அவளுக்குக் காத்துக் கிடக்க ஏது நேரம். மறுநாள் அவன் வேலைக்குப் போனபின், மூன்று மணியிலிருந்து அழுகிற பிள்ளைக்கு எதையாவது போட்டுக் காட்டலாமே என்றுதான் ஓர் இசைத்தட்டைச் சுற்றவிட்டுப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. கெட்டுப்போன சாமானைத் தூக்கிவந்திருக்கிறார் என்று அவள் திரும்பியபோது குமிழ்களுக்குள்ளே முதலில் ஒரு சிவப்பு நூல் தெரிந்தது, நூல் செம்மஞ்சளாயிற்று, கூடையின் கம்பிகள் சுவரில் நிழலாக விரிந்தன, அந்த நிழலுக்கு நடுவே ஒரு பெண்குரல் தூரத்திலிருந்து நடந்து வருவதைப்போல வந்து சேர்ந்தது. பிள்ளை அழுகையை நிறுத்தியது. பிறகு, குடத்தில் தண்ணீர் ஏறுவதுபோல, அவசரமில்லாமல் பாயைவிட்டு ஏறியது.

ஃபேனை அணைத்துவிட்டு, அதன் இறக்கைகள் நிற்கும்வரை சேலைத் தலைப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள் ஜெசிந்தா. எமரன்சியா அவள் நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றது. கால் கையை நீட்டிச் சோம்பல் முறித்தது. பிறகு தலையைத் திருப்பி, நனைந்த ரவிக்கையை மோந்து, தானே வந்து வாயை வைத்துக் குடிக்க ஆரம்பித்தது. இரண்டு பாட்டு முடிகிறவரை குடித்தது. அவள் பிள்ளையைத் தாங்கவேயில்லை. இரண்டு கையையும் கீழே விரித்துக்கொண்டு, விழுந்தால் பிடிக்க, அப்படியே நின்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த அன்செல்ம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எவ்வளவு உயரம்?" என்றான். மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு டேப்பும் பென்சிலும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலு மணிக்குப் பிள்ளை ஏறியதும் அது நின்ற உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு கிழித்தான். பிறகு ஏணிபோட்டு ஃபேனின் மூன்று இறக்கைகளையும் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

தெருவுக்குத் தெரிய ஒரு நாள் ஆனது. புட்டுத் தட்டோடு உள்ளே வந்த பவுலின் மைனி, மேலே நிற்கிற பிள்ளையையும் கீழே கை விரித்து நிற்கிற தாயையும் பார்த்தாள், தட்டை வைத்தாள், பிள்ளையின் சட்டையைத் தூக்கி இடுப்பைப் பார்த்தாள்.

"அரைஞாண் இருக்குல்லா? பொறவு என்னட்டி பயம்? அதுல ஒரு கயித்தக் கட்டிக் கையில பிடிச்சுக்கோ. இருவத்தெட்டாம் நாள் நான் கட்டவரும்போது எங்க சிஸ்டர் திட்டுவாவன்னு மூஞ்சியத் தூக்குனியே. இப்பத் தெரியுதா?"

"சட்டைக்கு அழகா இருக்காதுன்னுதான் சொன்னேன் மைனி."

"ஆமா, உம்மவ பறக்கதுக்கு அழகு ஒண்ணுதான் கொறச்சல்."

மைனியின் புருஷன் சூசை வலை கட்டுகிற நைலான் கயிற்றில் இரு கை விரித்த நீளத்துக்கு ஒரு பாகம் வெட்டிக்கொண்டு வந்து, வள்ளத்தைத் துறையில் கட்டுகிற முடிச்சை அரைஞாணில் போட்டார். மறுமுனையை ஜெசிந்தாவின் இடது மணிக்கட்டில் போட்டார். "புயல்ல வள்ளம் போயிருக்கு, எம் முடிச்சு போனதில்ல தாயி" என்றார். ஜெசிந்தா தலையாட்டினாள். அவர் போனதும் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அதுமுதல் நான்கு என்பது மறுபடி நான்காயிற்று: ஃபேனைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள். ஃபேனில் இறக்கை இல்லை என்று தெரிந்தும் பார்த்தாள்.

தெருவில் ஆளாளுக்கு வந்தார்கள். கோயில் பாட்டுக்குழு தொம்மை வாத்தியார், சினிமாப் பாட்டுக்கே இவ்வளவு உயரம் என்றால் மாதா பாட்டுக்குக் கூரையைத் தொடும் என்று தன் இசைத்தட்டைக் கொண்டுவந்தார். பிள்ளை அதே கோட்டில்தான் நின்றது. வாத்தியார் முகம் சுருங்கி, தட்டில் கீறல் விழுந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே போனார். தெருமுனை சவுண்ட் சர்வீஸ்காரர், வால்வுப் பெட்டிக்கே இப்படியென்றால் என் ஆயிரம் வாட்ஸுக்குப் பாருங்கள் என்று இரண்டு ஆள் உயரப் பெட்டியை வாசலில் இறக்கினார். தட்டுமுட்டுச் சாமான் நகர்ந்தது, ஜன்னல் கண்ணாடி நடுங்கியது, தெருநாய் ஊரைவிட்டே போய் மூன்றாம் நாள்தான் திரும்பியது. பிள்ளை பாயில் கிடந்து வீறிட்டழுதது, ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

"சத்தம் இருக்கு. ஆளு இல்ல" என்றான் அன்செல்ம்.

கிரைண்டர் விஷயத்தைக் கண்டுபிடித்தது பவுலின் மைனிதான். பாட்டு நடுவில் வால்வுகள் மங்கும், பிள்ளை ஒரு சாண் இறங்கும், மறுபடி ஏறும். ஒரு நாள் அவள் வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எதிர்வீட்டில் கிரைண்டர் ஓடினால் பிள்ளை இறங்கியது, நின்றால் ஏறியது. நங்கூரத் தெருவில் கரண்டு எப்போதும் அப்படித்தான், இவர்களுடைய கடைசி வீட்டுக்கு வருவதற்குள் களைத்துவிடும். ஸ்டெபிலைசர் வைத்துப் பார்த்தான் அன்செல்ம். அது போட்ட இரைச்சல் பாட்டுக்குள் விழுந்தது. அதனால் தெரு தானாக ஒரு முடிவுக்கு வந்தது. யாரும் கூட்டம் போடவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை நங்கூரத் தெருவில் கிரைண்டர் இல்லை, மிக்ஸி இல்லை, இஸ்திரிப்பெட்டி இல்லை, மோட்டார் இல்லை. புதிதாக மருமகள் வந்த வீட்டில், எந்தக் குழம்பில் புளி கூட வேண்டும் என்று சொல்வதற்கு முன்னால் இதைத்தான் சொன்னார்கள். ஐந்தடித்ததும் பதினேழு வீடுகளிலும் ஒன்றாகக் கிரைண்டர் கிளம்பும் சத்தம், கப்பல் ஒன்று துறையைவிட்டுப் போவது மாதிரி இருக்கும்.

ஒரு மாதம் முடிய, ஜெசிந்தா வரவில்லையே என்று நர்ஸம்மாவே தராசை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்தது நாலே காலுக்கு. ஃபேன் தண்டில் கயிறு போட்டுத் தராசை மாட்டி, துணித்தொட்டிலில் பிள்ளையை வைத்தாள். தொட்டில் தொய்யவில்லை. முள் சைபரில் நின்றது. நர்ஸம்மா முள்ளைத் தட்டினாள், பிள்ளையைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"ஏம்மா, சைபர்னு எழுத அட்டையில கட்டம் இல்ல. பாட்ட நிறுத்து."

ஜெசிந்தா ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். பாட்டு வெட்டினாற்போல நிற்கவில்லை. வால்வில் சூடு இருக்கிறவரை, பாடிக்கொண்டே யாரோ தெருக்கோடிக்கு நடந்துபோவதுபோல மெலிந்து மெலிந்து போனது. அது மெலிய மெலிய முள் அரை கிலோ, ஒரு கிலோ, இரண்டு என்று இறங்கிவந்து மூன்று கிலோ முந்நூறில் நின்றது. நர்ஸம்மா அட்டையில் புள்ளி வைத்தாள். கோடு முதன்முதலாகப் பச்சையைப் பார்த்து நிமிர்ந்தது.

"பிள்ளைக்கு என்ன குடுத்த?"

"பால்தான்."

"அதையே குடு" என்றாள் நர்ஸம்மா. போகும்போது வாசலில் நின்று, "அந்தப் பாட்டு மெதுவா அடங்குச்சு பாரு, அது நல்லா இருந்துச்சு" என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

அதைக் கேட்டபிறகுதான், தான் இத்தனை நாளில் ஒரு பாட்டைக்கூடக் கேட்கவில்லை என்பது ஜெசிந்தாவுக்கு உறைத்தது. மறுநாள் நாலு மணிக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், வேறு வழியில்லாததால், கேட்டாள். வயலின்காரர் வில்லைத் தந்தியில் வைக்கும்போது வருகிற ஒரு சின்ன உராய்வு கேட்டது, தபலாவின் தோல் கேட்டது, பாடுகிறவள் அடுத்த வரிக்கு முன்னால் வாயைத் திறந்து மூச்சை இழுப்பது, இதோ இந்த அறையில், கம்பிக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து இழுப்பதுபோலக் கேட்டது. நூற்றொரு நாளாக ஒரு மூச்சை எண்ணியே களைத்தவளுக்கு, அவள் எண்ணாமலேயே ஒருத்தி மூச்சு விடுகிறாள் என்பது புதிதாக இருந்தது. அந்த மூச்சு வருவதற்காக அவள் காத்திருந்தாள். அது வந்தது. அடுத்ததற்குக் காத்திருந்தாள். அதுவும் வந்தது. சாயங்காலம் அன்செல்மிடம் அதைச் சொல்ல நினைத்து, "அந்தப் பெட்டி சும்மா இல்லங்க" என்று மட்டும் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான்.

ஆனால் சுவரில் பென்சில் கோடுகள் இறங்கத் தொடங்கியிருந்தன. நெஞ்சு உயரத்தில் இருந்த முதல் கோட்டுக்கு நாலு விரல் கீழே ஒன்று, அதற்குக் கீழே ஒன்று. நின்று பால் கொடுத்தவள் முக்காலியில் உட்கார்ந்து கொடுத்தாள், முக்காலியை விட்டு மணையில் உட்கார்ந்தாள். அட்டையில் கோடு ஏறிக்கொண்டே போக, சுவரில் கோடுகள் இறங்கிக்கொண்டே வந்தன. அன்செல்ம் பெரிய வால்வு இரண்டையும் மாற்றினான். பாட்டு இன்னும் நிறைந்து வந்தது, பிள்ளை ஏறவில்லை. யாரோ கள்ளத்தனமாகக் கிரைண்டர் போடுகிறார்கள் என்று பவுலின் மைனி நாலு மணிக்குத் தெருவில் ரோந்து போனாள். வீட்டுக்குள் புகுந்து குழவியைத் தொட்டு ஈரம் பார்த்தாள். நேற்றைய ஈரம் என்று சொன்ன எதிர்வீட்டு பெர்னதத்தோடு ஒரு வாரம் பேச்சில்லை.

ஜெசிந்தாவுக்குத் தெரியும். எந்தக் கிரைண்டரும் இல்லை, எந்த வால்வும் இல்லை. பிள்ளை கனக்கிறது. அவள் ஜெபமாலை உருட்டிக் கேட்டது அதைத்தான். கேட்டது கிடைக்கக் கிடைக்க அவள் சுவரின் கோடுகளை எண்ணினாள். ஏறினால்தான் குடிக்கும். ஏறாவிட்டால்? மடியில் போட்டுப் பார்க்கலாம். அதை அவள் ஒரு நாளும் செய்யத் துணியவில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அது மறுபடி அழுதால், அட்டையில் கோடு மறுபடி கவிழ்ந்தால், பெரியாஸ்பத்திரியும் குழாயும். அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள். ஃபேனைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள்.

பிள்ளைக்கு ஐந்து மாதம் முடிந்த வாரம், காலையில் நிறுத்தபோது ஐந்து கிலோ நூறு. கோடு பச்சையில் இருந்தது. அன்று நாலு மணிக்கு அறை நிறைய ஆள். வால்வுகளில் சிவப்பு நூல் தெரிந்தது, செம்மஞ்சளாயிற்று, குரல் நடந்து வந்து சேர்ந்தது. எமரன்சியா பாயில் மல்லாந்து கிடந்து கூட்டத்தைப் பார்த்தாள். உச்சந்தலை மயிர் மட்டும் கொஞ்சம் எழும்பி நின்றது. பிறகு அதுவும் படிந்தது.

இரண்டு பாட்டு பார்த்தார்கள். மூன்றாவது பாட்டில் தொம்மை வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஒவ்வொருவராகப் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டு, சத்தமில்லாமல் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்கள்.

"சவத்த விடுட்டி" என்றாள் பவுலின் மைனி. "பிள்ளை தரைக்கு வந்துட்டா, அவ்வளவுதான? எல்லாம் தரையிலதான் கெடக்கோம். இரு, புட்டு எடுத்தாரேன்."

அறையில் ஜெசிந்தாவும் பிள்ளையும் பாட்டும் மட்டும். பிள்ளை முஷ்டியைச் சப்ப ஆரம்பித்தது, பசி. ஜெசிந்தா பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். ஐந்து கிலோ நூறு தொடையில் அழுந்தியது. இரண்டு இழுப்பு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவது இழுப்பு. நாலாவது. பிள்ளை ஒரு கையால் தாலிச்சங்கிலியைப் பற்றிக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, மடியிலேயே, இரண்டு பக்கமும் குடித்தது. ஏப்பம் விட்டது. வாய் திறந்தபடி தூங்கியது.

அவள் அதைப் பாயில் கிடத்தினாள். ஃபேனைப் பார்த்தாள், வெறும் தண்டு. ஜன்னலைப் பார்த்தாள், சாத்தியிருந்தது. கயிற்றைப் பார்த்தாள், பிள்ளையின் இடுப்பில் ஒரு முனை, தன் மணிக்கட்டில் ஒரு முனை. மூச்சைப் பார்த்தாள், இருந்தது. பார்க்க வேறு என்ன இருக்கிறது என்று தேடினாள். ஒன்றும் இல்லை. எழவேண்டும் என்று தோன்றவில்லை. தட்டு சுற்றியது. பாடுகிறவள் அடுத்த வரிக்கு மூச்சை இழுத்தாள். ஜெசிந்தாவும் இழுத்தாள்.

பாயின் கோரை தொடையைவிட்டுப் பிரிந்தது. சப்பணம் அவிழ்ந்தது, கால்கள் தொங்கின. சுவரின் பென்சில் கோடுகள் ஒவ்வொன்றாக அவளைக் கடந்து கீழே போயின. கயிறு நீண்டு, விறைத்து, நின்றது. கீழே அரைஞாண் இழுபட்டு பிள்ளை ஒருதரம் முனகியது, அசையவில்லை. அவள் முகத்துக்கு நேரே பீரோவின் தலை இருந்தது. ஒரே தூசி. தூசிக்கு நடுவே, இரண்டு மாதமாகத் தேடிக்கொண்டிருந்த பிள்ளையின் ஒற்றைக் காலுறை.

பவுலின் மைனி தட்டோடு வந்தாள். மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள். தட்டை வைத்தாள். குனிந்து பிள்ளையின் இடுப்பில் தன் புருஷன் போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்தாள்.

"மேல எப்பிடிட்டி இருக்கு?"

"பீரோ துடைக்கணும் மைனி" என்றாள் ஜெசிந்தா.

அப்போது, பிள்ளைதான் இனி ஏறாதே என்று நினைத்த ஏதோ ஒரு வீட்டில் கிரைண்டர் கிளம்பியது, அதைக் கேட்டு இன்னொரு வீட்டில், அதைக் கேட்டு மூன்றாவது வீட்டில். வால்வுகள் மங்கின. ஜெசிந்தா ஒரு சாண் இறங்கினாள். பவுலின் மைனி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

"ஏ பெர்னதத்து! நிறுத்துட்டி! எல்லாரும் கிரைண்டர நிறுத்துங்க! மணி இன்னும் அஞ்சாவல, இங்க தாய் மேல இருக்கா!"

ஒரு கிரைண்டர் நின்றது. இன்னொன்று நின்றது. பாதி ஆட்டிய மாவோடு தெரு மொத்தமும் நின்றது. கூடைக்குள் செம்மஞ்சள் மறுபடி ஏற, பாட்டு மறுபடி பக்கத்தில் வர, கீழே எமரன்சியா தூக்கத்திலேயே கையை நீட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.